கூற்றுக்கு உரியோர்: பலர் கூடிப் பாத்திரம் வளர்த்த வரலாறு

குறுந்தொகையில் பேசும் தலைவி ஒருத்தியா, பலரா? முதுகலை வகுப்பில் இவ்வினாவை எழுப்பும்போதெல்லாம் மாணவர் இரண்டு அணியாகப் பிரிவதுண்டு. ஒருத்தியே என்பார்க்கு அவள் குரலின் ஒருமைப்பாடு சான்று. பலர் என்பார்க்கு, அத்தொகையைப் பாடினோர் 205 பேர் என்னும் கணக்கே சான்று. இரு விடைகளும் பொருந்துவனவே. ஒரே பாத்திரத்தைப் பலர் ஏற்றுப் பேசி, ஒவ்வொருவரும் ஒரு செய்தியைச் சேர்த்து, எவருக்கும் தனியுடைமை ஆகாதவாறு வளர்த்தெடுத்த இலக்கியம் நம்முடையது.

இதனை இப்போது நினைவூட்டக் காரணம் உண்டு. 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற விளையாட்டை வெளியிட்டனர். ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, கூடியிருந்து ஒரு கதையை நகர்த்திச் செல்லும் விளையாட்டு அது. கணினி பரவிய பின்னர் அவ்வாறு கூடிக் கதை எழுதுவோர் உலகெங்கும் பெருகினர். நம் வட்டத்தின் இளைய உறுப்பினர் சிலரும் தொழிற்சாலை விடுமுறை நாள்களில் இதில் ஈடுபடுகின்றனர். அவர்களோடு பேசியதில், அவ்வெழுத்தில் அடிக்கடி எழும் பூசல்கள் இரண்டு என்று அறிந்தேன். ஒருவர் மற்றவரின் பாத்திரத்துக்கும் தாமே பேசிவிடுவது ஒன்று. எழுதத் தொடங்கும் முன்னரே தம் பாத்திரத்தின் பிறப்பு வளர்ப்பு முழுவதையும் பட்டியலாக அடுக்கிவிட்டு, பின்னர் அதற்கு வளர இடமில்லாமல் திகைப்பது மற்றொன்று. இவ்விரண்டையும் மேலைநாட்டார் கண்ட புதுச் சிக்கல்கள் என்று அவர்கள் கருதுகின்றனர். தமிழ்ப் புலவரும் உரைகாரரும் கூத்தரும் இவற்றை நெடுங்காலம் முன்பே எதிர்கொண்டு, தத்தமக்கு உரிய வகையில் வழி வகுத்துள்ளனர். அவ்வழிகளுள் சிலவற்றை, நாம் வாழும் இந்நிலப் பகுதியோடு தொடர்புடையவற்றுக்கு முதன்மை தந்து, இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

பெயர் சுட்டாமையின் பயன்

அகத்திணையில் தலைமக்களை இயற்பெயரால் சுட்டலாகாது என்பது தொல்காப்பியர் நெறி. காதல் யாவர்க்கும் பொதுவாதலின் பெயர் விலக்கப்பட்டது என விளக்குவது வகுப்பறை வழக்கம். அது தவறன்று, ஆயினும் பாதி விளக்கமே என்பது என் கருத்து. பாடுவோர் பக்கம் நின்று நோக்கினால் வேறொரு பயனும் புலப்படும். பெயரும் ஊரும் குலமும் பெற்ற பாத்திரம், அவற்றைத் தந்தவரின் கைக்குள் அடங்கிவிடுகிறது. மணிமேகலையின் கதையைப் பாட வந்த சாத்தனார், அவள் கோவலனுக்கும் மாதவிக்கும் பிறந்தவள் என்ற வரலாற்றை ஏற்றுத்தான் தொடங்க வேண்டியிருந்தது. குறுந்தொகைத் தலைவியைப் பாட வந்த புலவருக்கு அத்தகைய தளை எதுவும் இல்லை. முன்னவர் பாடிய தலைவி கடற்கரையில் நின்றாள் என்பதற்காகப் பின்னவர் அவளைக் கடற்கரையிலேயே நிறுத்த வேண்டுவதில்லை. வாயில் திறந்தே இருந்தது. எவரும் உள்ளே புகலாம்.

அங்ஙனம் புகுந்தவருள் சிலருடைய பெயரும் மறைந்து போயிற்று என்பது சுவையான செய்தி. செம்புலப்பெயல்நீரார், அணிலாடு முன்றிலார் என நாம் இன்று வழங்குவன அவர்களுடைய தாய்தந்தையர் இட்ட பெயர்கள் அல்ல. அவர்கள் பாட்டில் அமைந்த ஒரு தொடரே அவர்களுக்குப் பெயராய் நின்றது. பாத்திரத்துக்குப் பெயரில்லை, படைத்தவர்க்கும் பெயரில்லை. இருவருக்கும் இடையே ஒரு நுண்ணிய விவரம் மட்டும் எஞ்சிற்று. பாத்திரத்தின் முழு வரலாற்றை எழுதி வைத்துக்கொண்டுதான் தொடங்குவேன் என்னும் இளைஞர்க்கு நான் எடுத்துக்காட்டுவது இதனையே.

பெயர் இல்லை என்பதனால் கட்டுப்பாடும் இல்லை என்று கொள்ளலாகாது. எல்லாரும் எல்லாமும் பேசலாம் என்றிருந்தால் 205 புலவரின் தலைவி 205 துண்டுகளாகச் சிதறியிருப்பாள். சிதறாமல் காத்தது கூற்று பற்றிய வரையறை. களவுக் காலத்தில் பேசுதற்குரியோர் பார்ப்பான், பாங்கன், தோழி, செவிலி, தலைவன், தலைவி என அறுவர். கற்புக் காலத்தில் பாணன், கூத்தன், விறலி, பரத்தை, அறிவர், கண்டோர் என்பாரும் சேர்ந்து பன்னிருவர் ஆவர். பேசுவோரைச் சொன்னதோடு செய்யுளியல் நிற்கவில்லை. கேட்போர் யார், களம் எது, காலம் எது என்பனவற்றையும் செய்யுளின் உறுப்புகளாகவே எண்ணுகிறது. இவற்றோடு ‘முன்னம்’ என்றோர் உறுப்பையும் வைத்தது. இன்ன இடத்தில், இன்ன காலத்தில், இச்சொல்லைச் சொல்லத் தக்கவர் இவர், கேட்கத் தக்கவர் இவர் என்று படிப்பவர் குறிப்பால் உணருமாறு அமைப்பதே முன்னம். பாத்திரத்தின் வரலாற்றைச் சொல்லாமலே பாத்திரத்தை அறியச் செய்யும் வழி இது. தோழியிடம் துணிந்து பேசும் தலைவி, செவிலி கேட்கும் இடத்தில் அடங்கிப் பேசுகிறாள். அந்த வேறுபாட்டிலேயே அவளுடைய வயதும் அச்சமும் அறிவும் வெளிப்பட்டு விடுகின்றன.

இதைக் காட்டிலும் வியக்கத்தக்கது, யாருக்குக் கூற்று இல்லை என்று செய்யுளியல் வரையறுத்த பகுதி. தந்தைக்கும் தமையன்மார்க்கும் கூற்று இல்லை. ஊரார்க்கும் அயலார்க்கும் சேரியார்க்கும் இல்லை. அவர்கள் சொன்னதைப் பிறர் எடுத்து மொழியலாம்; அவர்களே களத்தில் வந்து பேசுதல் மரபன்று. நற்றாயும் தலைவனோடோ தலைவியோடோ நேர்நின்று பேசுவதில்லை. இல்லத்தில் அதிகாரம் உடையவர் தந்தை. இற்செறிப்பை விதிப்பவர்கள் பெற்றோர். அலர் தூற்றி அச்சுறுத்துபவர்கள் ஊரார். அதிகாரம் உடைய இவர்களை வாய்பேசாதவராய் வைத்துவிட்டு, அதிகாரம் இல்லாத தலைவிக்கும் தோழிக்கும் பரத்தைக்கும் பேச்சைத் தந்தது அகமரபு. சமூகத்தின் ஏற்றத்தாழ்வு இதனால் மாறிவிடவில்லை என்பது உண்மையே. ஆனாலும் பாட்டுக்குள்ளே யாருடைய சொல் கேட்கப்பட வேண்டும் என்பதில் அம்மரபுக்கு ஐயம் இருக்கவில்லை.

தோழி வளர்ந்த விதம்

கூட்டுப் படைப்பில் ஒரு பாத்திரம் எவ்வாறு வளர்கிறது என்பதற்குத் தலைவியைவிடத் தோழியே சிறந்த எடுத்துக்காட்டு. அவளைப் பற்றிக் களவியல் தரும் குடும்பச் செய்தி ஒன்றே ஒன்று: அவள் செவிலியின் மகள். தலைவியின் இரகசியத்தைத் தன் தாயிடமிருந்தே மறைக்க வேண்டியவள் அவள். உரிய காலம் வந்ததும் அதே தாயிடம் வெளியிட வேண்டியவளும் அவளே. தோழி கூற்றாக வந்த நூற்றுக்கணக்கான பாட்டுகளின் இறுக்கம் இந்த ஓர் உறவிலிருந்து பிறந்தது எனலாம். இளைஞர் அடுக்கும் இருபது செய்திகளைக் காட்டிலும் இவ்வொரு செய்தி விளைத்த பயன் பெரிது.

கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 261 அடிகளும் தோழி செவிலிக்கு அறத்தொடு நிற்கும் கூற்றே. ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவித்தற்குப் பாடியது என்பது அதன் பழங்குறிப்பு. தினைப்புனம் காத்தது, அருவியாடியது, பூக்கொய்து பாறையில் குவித்தது, வேட்டைநாய்கள் சூழ்ந்தது, தலைவன் வந்தது, யானை சினந்து வந்தது என நிகழ்ச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாய்ச் செல்கின்றன. இடையே 99 பூக்களின் பெயர்கள். பூக்களின் பட்டியலைக் கபிலரின் நிலத்திணை அறிவுக்குச் சான்றாகவே பலரும் போற்றுவர். நான் அதைத் தோழியின் மனத்துக்குச் சான்றாகவும் படிக்கிறேன். தலைவனைப் பற்றி வாய்திறந்து சொல்ல வேண்டிய இடம் நெருங்குகிறது. கேட்டுக்கொண்டிருப்பவள் பெற்ற தாய். அவ்விடத்தில் ஒரு மகள் பூக்களை ஒன்றொன்றாக எண்ணிக்கொண்டு நிற்கிறாள். விவரம் அழகுக்காக மட்டும் வரவில்லை. சொல்லத் தயங்குபவளுக்குக் காலம் வாங்கித் தருகிறது. இவ்வாறு படிக்கலாகாது என்று மறுக்கும் நண்பர்கள் வட்டத்தில் உண்டு. அவர்களோடு வழக்காடுவதில் எனக்கு விருப்பமே.

இனி ஐங்குறுநூறு. ஐந்திணைக்கு ஐவர், ஒவ்வொருவர்க்கும் நூறு பாட்டு: மருதம் ஓரம்போகியார், நெய்தல் அம்மூவனார், குறிஞ்சி கபிலர், பாலை ஓதலாந்தையார், முல்லை பேயனார். உ.வே. சாமிநாதையர் 1903ஆம் ஆண்டு இதனை அச்சேற்றினார். பலர் கூடிச் செய்த நூல் என்ற தோற்றத்தை இதைப்போல் வேறெந்தச் சங்கநூலும் தருவதில்லை. அதன் வைப்புமுறையில் ஓரிடத்தைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். ஓதலாந்தையாரின் பாலைப் பகுதியில், உடன்போன மகளை நினைந்து தாய் இரங்கும் பத்து ஒன்று உள்ளது. வெறிச்சோடிய வீடும், விளையாட்டுத் துணைகளும், மகள் நடந்த சுரமும் அங்கே தாயை வருத்துகின்றன. பாலை முடிந்து முல்லை தொடங்கியதும் முதலில் நிற்பது செவிலி கூற்றுப் பத்து. பேயனாரின் செவிலி, மணவாழ்வில் இருக்கும் மகளின் இல்லம் சென்று, அவளும் கணவனும் புதல்வனை இடையே கிடத்தி மகிழ்ந்திருக்கும் காட்சியைக் கண்டு வந்து நற்றாய்க்கு உரைக்கிறாள். ஒரு புலவர் கண்ணீரோடு விட்ட தாயரை மற்றொரு புலவர் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்கிறார். ஓதலாந்தையார் தம் பத்துக்குள்ளேயே ஆறுதலும் சொல்லி முடித்திருந்தால் பேயனாருக்கு அங்கே வேலை இருந்திராது. இவ்விரண்டையும் இந்நெறியில் நிறுத்திய பெருமையைத் தொகுத்தவராகிய புலத்துறை முற்றிய கூடலூர் கிழார்க்கும் பகிர்ந்தளிக்க வேண்டும்.

இப்புலவர்கள் ஓரிடத்தில் அமர்ந்து முறைவைத்து எழுதினர் என்று நான் கூறவில்லை. தலைமுறைகளைக் கடந்து நிகழ்ந்த கூட்டு அது. பாட்டுகளின் கீழே ‘இன்னார் இன்னார்க்கு உரைத்தது’ என்று துறை வகுத்தவர்களும் பிற்காலத்தாரே. அவர்களும் கூட்டுப் படைப்பாளரே என்க; பேசுபவர் யாரென்று ஒருவரி எழுதியதன் வழியே அவர்கள் அப்பாத்திரத்தின் உருவை நிலைநிறுத்தினர்.

பெரும்புதூர் தந்த உரைமரபு

ஸ்ரீபெரும்புதூருக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. இன்று நெடுஞ்சாலைப் பலகைகளில் தொழிற்பேட்டையின் பெயராக மட்டும் படிக்கப்படும் இவ்வூர், 1017இல் இராமானுசர் தோன்றிய ஊர் என்று வைணவ மரபு போற்றுவது. அவருடைய ஆணையால் திருக்குருகைப்பிரான் பிள்ளான் திருவாய்மொழிக்கு ஆறாயிரப்படி உரை எழுதினார். அதன்பின் நஞ்சீயரின் ஒன்பதினாயிரப்படி, பெரியவாச்சான் பிள்ளையின் இருபத்துநாலாயிரப்படி, நம்பிள்ளை சொல்ல வடக்குத் திருவீதிப்பிள்ளை ஏடுபடுத்திய ஈடு முப்பத்தாறாயிரப்படி, வாதிகேசரி அழகிய மணவாள சீயரின் பன்னீராயிரப்படி எனப் பல உரைகள் எழுந்தன. 32 எழுத்துக் கொண்டது ஒரு படி. ஆறாயிரம் முப்பத்தாறாயிரமாகப் பெருகியதில் தத்துவ விளக்கத்துக்கு மட்டுமன்றிப் பாத்திர விளக்கத்துக்கும் பெரும்பங்கு உண்டு.

திருவாய்மொழியின் நூறு பதிகங்களுள் 27 பெண் குரலில் அமைந்தவை: மகள் பேச்சாக 17, தாய் பேச்சாக 7, தோழி பேச்சாக 3. அகமரபின் பாத்திரங்களையே ஆழ்வார் ஏற்றுப் பேசுகிறார். ஆனால் தலைவனுக்குப் பெயரும் ஊரும் வந்துவிட்டன. அவன் திருப்பதிகளில் நின்றும் இருந்தும் கிடந்தும் காட்சி தரும் பெருமான். தலைவிக்குப் பராங்குச நாயகி என்ற பெயரைச் சூட்டியது பின்வந்த மரபு. திருமங்கையாழ்வாரின் தலைவிக்குப் பரகால நாயகி என்று பெயர் வழங்கியதும் அவ்வாறே. பாடியவர் விட்டுச்சென்ற இடத்தைப் படித்தவர்கள் நிரப்பினர்.

உரைகாரர்கள் எழுப்பும் வினாக்கள் நம் எழுத்தாளர்க்குப் பயன்படத் தக்கவை. முந்தைய பதிகத்தில் மகள் தானே பேசினாள். இப்பதிகத்தில் தாய் பேசுகிறாள். இடையே என்ன நேர்ந்தது? மகள் பேசும் நிலையில் இல்லையா? மயங்கினாளா? தாய் யாரை நோக்கி முறையிடுகிறாள்? இவ்வாறு கேட்டுக்கொண்டு, இரு பதிகங்களுக்கும் இடைப்பட்ட காலத்தை ஒரு சிறு காட்சியாக விரித்துக் காட்டிய பின்னரே பாசுரத்துக்குள் புகுவது அவர்கள் வழக்கம். பதிகத்தின் முகப்பில் வரும் இவ்வவதாரிகைகளை உரைநடைப் புனைவாகவே படித்து மகிழலாம்.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். தாய், தோழி, மகள் என்னும் மூவரும் ஆழ்வாரின் ஒரே உள்ளத்தின் மூன்று நிலைகள் என்று வைணவ உரைமரபு தெளிந்து கூறியபின், அம்மூவரும் ஒருவரோடொருவர் உண்மையாக மாறுபட இடமில்லாது போயிற்று. முடிவு முன்னரே தெரிந்த கூட்டுப் படைப்பில் விவரங்கள் பெருகும், பாத்திரங்கள் பெருகா. பக்திக்கு அது குறையன்று, புனைவுக்குக் குறையே.

திரைக்குப் பின்னிருந்து வரும் விடை

முடிவு யாவர்க்கும் தெரிந்திருந்தும் பாத்திரம் வளரும் கலை ஒன்று நம் பகுதியிலேயே உண்டு. காஞ்சிபுரம், செய்யாறு, ஆர்க்காட்டுச் சுற்றுவட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரத விழா நடக்கும். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, அருச்சுனன் தபசு மரம் ஏறுதல், படுகளம், தீமிதி என நாள்கள் தொடரும். அவ்விரவுகளின் கட்டைக்கூத்தை நாம் பத்தி என்றும் பொழுதுபோக்கு என்றும் பார்த்துப் பழகியுள்ளோம். கூட்டாகப் பாத்திரம் புனையும் பயிலரங்கம் என்றும் பார்க்கலாம்.

வேடதாரி திரைக்குப் பின்னே நிற்கிறார். முடியும் புயக்கட்டையும் திரைக்கு மேலே தெரிகின்றன. கட்டியக்காரன் வெளியே நின்று வினவுகிறான்: யார் நீர், எந்த நாடு, என்ன குலம், எதற்காக வந்தீர்? ஆடுகளத்தில் அமர்ந்திருக்கும் ஆயிரம் பேருக்கும் அவர் துரியோதனன் என்று தெரியும். தெரிந்தும் கேட்கப்படுகிறது, தெரிந்தும் விடை சொல்லப்படுகிறது. அவ்விடையில்தான் அன்றைய இரவின் துரியோதனன் உருவாகிறார். பாட்டு ஏட்டில் உள்ளது; வசனம் பெரும்பாலும் அவ்வப்போது பிறப்பது. கட்டியக்காரன் மன்னரையும் மடக்குவான். ஊர்ப்பேச்சில் கேலி செய்வான். ஏரியில் நீரில்லாததையும் இழுத்துவருவான். ஆனால் துரியோதனனுக்காக அவனே விடை சொல்லிவிடுவதில்லை. வினா ஒருவருடையது, விடை வேடம் கட்டியவருடையது. கூட்டெழுத்தில் பிறர் பாத்திரத்தை என்ன செய்யலாம் என்று கேட்கும் இளைஞர்க்கு இதைவிடத் தெளிவான விடையை நான் அறியேன்: கேள்வி கேட்கலாம்.

இங்ஙனம் வளர்ந்த பாத்திரங்களுள் பொன்னுருவி தலையாயவள். வியாச பாரதத்தில் இப்படியொரு மனைவி கர்ணனுக்கு இல்லை. புகழேந்திப் புலவர் பெயரால் வழங்கும் கர்ண மோட்சக் கூத்தில் இவள் வருகிறாள். பிறப்பறியாத தேரோட்டி மகனென்று கணவனை இகழ்ந்த அரசகுமாரி. பதினேழாம் நாள் போருக்குப் புறப்படும் கர்ணன் அவளிடம் விடைபெறும் காட்சியே அக்கூத்தின் உயிர்நிலை. சாதி இழிவு ஓர் அவைக்களத்தில் வீசப்பட்ட சொல்லாக மட்டும் நில்லாமல், ஒருவனின் இல்லத்துக்குள்ளும் படுக்கையறைக்குள்ளும் நுழைந்தால் என்ன ஆகும் என்று தமிழ்நாட்டுக் கூத்தர் எண்ணிப் பார்த்ததன் விளைவு அவள். கர்ணனைப் பற்றிப் புதிதாக ஒரு வீரச்செயலை அவர்கள் சேர்க்கவில்லை. அவனிடம் கேள்வி கேட்க ஒருத்தியைச் சேர்த்தனர். இரவுதோறும் இரு கலைஞர்கள் எதிரெதிர் நின்று அந்த உரையாடலைப் புதிதாக வளர்த்தனர்.

1990இல் காஞ்சிபுரம் வட்டாரத்தில் பெ. இராசகோபால், ஹன்னா டி புருயின் ஆகியோரின் முயற்சியில் கட்டைக்கூத்துச் சங்கம் உருவாயிற்று. அதன் குருகுலம் 2002 முதல் 2020 வரை புஞ்சரசந்தாங்கலில் இயங்கியது. அங்குப் பெண்பிள்ளைகளும் பயின்று கட்டை வேடம் தரித்தனர் என்பது என் நோக்கில் பெருநிகழ்ச்சி. ஆடவரே பெண்வேடமும் கட்டிவந்த அரங்கில் கூற்றுக்கு உரியோர் பட்டியல் அன்று நீண்டது.

அயல்நாட்டு எடுத்துக்காட்டுகள் இரண்டைச் சுருங்கச் சொல்லி மேலே செல்லலாம். சப்பானியத் தொடர்பாட்டாகிய ரெங்காவில், 1488ஆம் ஆண்டு சோகி, ஷோஹாகு, சோச்சோ என்னும் மூவர் மினாசேயில் நூறு பாட்டுகளைத் தொடுத்தனர். ஒவ்வொரு பாட்டும் தனக்கு முந்தியதோடு மட்டும் இயைய வேண்டும். அதற்கும் முந்தியதை விட்டு விலக வேண்டும். இலண்டனில் துப்பறியும் கதையாசிரியர் கழகத்தார் 1931இல் ஆளுக்கோர் அத்தியாயமாக ‘மிதக்கும் கடற்படைத் தலைவர்’ என்ற நாவலை எழுதியபோது, ஒவ்வொருவரும் ஒரு தீர்வை மனத்தில் கொண்டே எழுத வேண்டும், ஆனால் அதை அடுத்தவர்க்கு வெளியிடலாகாது என்று விதித்துக்கொண்டனர். முன்னது நெகிழ்ச்சியால் அழகு பெற்றது. பின்னதில் சூழ்ச்சி பெருத்துப் பாத்திரங்கள் மெலிந்தன என்றே எனக்குப் படுகிறது.

நம் வட்டத்தின் கூட்டுக்கதை

பத்தாண்டு நிறைவையொட்டி நம் வட்டத்தார் கூடி எழுதிவரும் கதைப்பாட்டைக் கருதியே இவ்வரலாற்றைத் தொகுக்க முற்பட்டேன். அதன் தலைவி ஒரகடம் பகுதித் தொழிற்சாலை ஒன்றில் ஒப்பந்தப் பணியாளர். வெளிமாவட்டத்துப் பெண், விடுதியில் தங்கியிருப்பவள். இதற்குமேல் அவளைப் பற்றி எதையும் முன்கூட்டி முடிவு செய்வதில்லை என்று நாம் உடன்பட்டோம். ஆனால் உடன்பாட்டை மீறுவதிலும் நாம் வல்லவர்களே. மூன்றாம் பகுதியை எழுதிய நண்பர் ஒருவர், அவள் வேலையைத் துறந்து ஊர் திரும்புவதாக முடித்து வந்தார். தொழிற்சாலையைச் சாடும் நல்ல கவிதைதான் அது. ஆயினும் வட்டத்தில் ஆலைப் பணியாளராகவே உள்ள உறுப்பினர் ஒருவர் எழுந்து, “அவ ஊருக்குப் போறான்னு நீங்க எப்படிங்க முடிவு பண்ணீங்க? அவகிட்டக் கேட்டீங்களா?” என்றார். கட்டியக்காரனின் வினா அது. அப்பகுதி திரும்பப் பெறப்பட்டது.

பின்னர் அதே உறுப்பினர் எழுதிவந்த பகுதியில், இரவுப்பணி முடிந்து ஆலைப் பேருந்தில் உறங்கும்போது தலைவி தன் அடையாள அட்டையை உள்ளங்கைக்குள் மூடிக்கொள்வதாக ஒரு செய்தி வந்தது. ஏன் என்று அவர் எழுதவில்லை. அடுத்து எழுதியவர், அட்டையிலுள்ள படம் அவள் ஊரில் இருந்தபோது எடுத்தது என்றார். அதற்கடுத்தவர், அட்டையைத் தொலைத்தால் அன்றைய கூலி பற்றி எழும் அச்சத்தை எழுதினார். ஒரு கையசைவு மூவர் கையில் மூன்று பொருள் பெற்றது. ஒன்று மற்றொன்றை அழிக்கவில்லை. ஊர்திரும்பல் அழித்திருக்கக்கூடிய அத்தனையையும் இந்த அட்டை திறந்துவிட்டது.

இந்நிலப் பகுதியில் கூற்று யாருடையது என்னும் வினா இலக்கணப் பயிற்சி மட்டும் அன்று. இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் மகிழுந்து உற்பத்தி தொடங்கியது. 2006இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014இல் மூடப்பட்டது. 2010இல் ஒரகடத்தில் மற்றொரு பெரும் மகிழுந்து ஆலை எழுந்தது. இவை பற்றி அரசு பேசியது, நிறுவனங்கள் பேசின, வல்லுநர் பேசினர். 2021 டிசம்பரில் விடுதி உணவால் உடன்பணியாளர் பலர் நலிவுற்றபோது, பெண் பணியாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்தனர். அவர்கள் நேர்நின்று பேசிய அரிய தருணங்களுள் அது ஒன்று. மற்ற நாள்களில் அவர்களுடைய சொல் பிறரால் எடுத்து மொழியப்படுவதே வழக்கமாயிற்று. செய்யுளியல் தந்தைக்கும் ஊரார்க்கும் விதித்த நிலையில் இங்கே தலைவியும் தோழியும் நிற்கின்றனர். கவிஞர்களாகிய நாமும் அவர்களுக்காகப் பேசிவிடுவது எளிது. நல்லெண்ணத்தோடு செய்தாலும் அது கூற்றைப் பறிப்பதே.

கதைப்பாட்டின் மேற்பார்வையாளருக்கும் கூற்றுத் தர வேண்டும் என்று ஒரு சாரார் கேட்கின்றனர். அவரும் அல்லலுறும் மனிதர் என்பது அவர்கள் வாதம். மறுக்கவில்லை. என் வாக்கு மட்டும், அவர் சொன்னதைத் தலைவியோ தோழியோ எடுத்து மொழியட்டும் என்பதற்கே. அவருடைய அல்லல் தலைவியின் கண்ணில் பட்டால் அவள் சொல்வாள்.

இதைவிடக் கடினமான சிக்கல் ஒன்று தீராமல் உள்ளது. ஐந்தாம் பகுதியில் தலைவிக்கு அறைத்தோழி ஒருத்தி வந்து சேர்ந்தாள், ஒடிசாவிலிருந்து வந்தவள், தமிழ் அறியாள். இருவரும் கைக்குறியாலும், அரைகுறை இந்தியாலும், கைப்பேசிப் படங்களாலும் பேசிக்கொள்கின்றனர். தலைவி வாயிலாக அவளைப் பற்றி அறிகிறோமே ஒழிய, அவள் பேசக் கேட்டதில்லை. தோழிக்குக் கூற்று இல்லாத அகப்பாட்டு உண்டோ என்று கூடுகையில் கேட்கப்பட்டது. அவளுடைய கூற்றை நம்முள் ஒருவர் தமிழில் எழுதலாம் என்றனர் சிலர். ஒடியா எழுத்திலேயே அச்சிடலாம் என்றார் ஒருவர். அதை எழுதுவார் யார் என்று கேட்டதற்கு, விடுதியில் அவ்வூர்ப் பெண்கள் இருக்கின்றார்களே, போய்க் கேட்போம் என்று ஆலைப் பணியாளராகிய அவ்வுறுப்பினரே விடை கூறினார். வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் இருவர் சென்றுவருவதாக முடிவாயிற்று. ஆறாம் பகுதிக்கு உரிய பக்கங்கள் அதுவரை எழுதப்படாமல் வைக்கப்பட்டுள்ளன.